முன்னுரிமை வரிசை பல திரெட்டுகளிடையே தடுமாறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

முன்னுரிமை வரிசையில் யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. உள்ளே இருப்பவற்றுள் எதற்கு அவசரம் அதிகமோ அதுவே முதலில் வெளியே வரும். பல திரெட்டுகள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் தனித்தனி வேலைத்தொடர்கள், ஒரே நேரத்தில் அதில் போட்டும் எடுத்தும் வேலை செய்யும்போது எழும் பிழைகள் மிகுந்த தொல்லை தருபவை. அவை நம் மேசைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது தலைகாட்டுவதில்லை. நெரிசல் மிகுந்த நேரத்தில் மட்டும் வந்து, பதிவேட்டில் ஒரு வரியை விட்டுவிட்டு மறைந்துவிடும்.

நான் முன்பு பணியாற்றிய இடத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்றைக் கவனித்துவந்தோம். வங்கிப் பரிவர்த்தனைக்கான ஓடிபி செய்திகளும், கடைகளின் விளம்பரச் செய்திகளும் ஒரே முன்னுரிமை வரிசையில் சேர்ந்தன. ஓடிபி தாமதமாகிறது என்று புகார் வந்த ஒவ்வொரு முறையும் பூட்டில்தான் (ஒரு நேரத்தில் ஒரே திரெட்டை மட்டும் உள்ளே விடும் காவல்) கோளாறு என்று எண்ணிப் பூட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனோம். காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது. பூட்டு ஒரு மெத்தட் அழைப்பை மட்டுமே காக்கிறது. வரிசையின் ஒழுங்கு நாம் எழுதிய ஒப்பீட்டையும், உள்ளே போட்ட பொருள் மாறாமல் இருப்பதையும், இரண்டு அழைப்புகளுக்கு இடையில் நாம் என்ன நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் பொறுத்தது. இதை உணர எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று என்பதால்தான் இந்த வழிமுறையை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

ஜாவா மொழியை எடுத்துக்கொள்கிறேன். 2004-இல் வெளிவந்த ஜாவா 5 பதிப்பு இரண்டு கிளாஸ்களைத் தந்தது. ஒன்று 'பிரையாரிட்டிகியூ', இதில் பூட்டு எதுவும் இல்லை. மற்றொன்று 'பிரையாரிட்டிபிளாக்கிங்கியூ', இது தனக்குள் ஒரு பூட்டை வைத்துக்கொண்டிருப்பது. இனி முன்னதைச் சாதாரண வரிசை என்றும், பின்னதைப் பூட்டுள்ள வரிசை என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டுமே உள்ளே பைனரி ஹீப் என்ற மர அமைப்பில்தான், ஒவ்வொரு பொருளின் கீழும் அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள் வரும்படி, ஓர் அணியில் பொருள்களை அடுக்குகின்றன. இரண்டிலும் மதிப்பு சிறியதே முதலில் வெளிவரும்.

எதற்கும் முன்பாக ஒரு சோதனை

பிழையைத் தேடத் தொடங்குமுன், அதே தரவை அதே வரிசையில் ஒரே ஒரு திரெட்டைக் கொண்டு போட்டு, அதே திரெட்டைக் கொண்டு எடுத்துப் பாருங்கள். அப்போதும் பிழை தோன்றினால் பூட்டைத் தொடவே வேண்டாம். ஒப்பீட்டிலோ, பொருளின் மதிப்பு மாறுவதிலோ கோளாறு இருக்கிறது. ஒரு திரெட்டில் சரியாக ஓடி, பல திரெட்டுகளில் மட்டும் கெட்டால், அப்போது பூட்டைச் சந்தேகிக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டு நாள் அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: அச்சிட்டுப் பார்த்தால் வரிசை கலைந்திருக்கிறது

இது பிழை அன்று. 5, 3, 8, 1 என்ற எண்களை இதே வரிசையில் போட்டால் உள்ளே 1, 3, 8, 5 என்றுதான் அடுக்கப்பட்டிருக்கும். ஹீப் தரும் உறுதி ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைகளைவிடப் பெரிதாக இராது. உடன்பிறந்தவர்களுக்குள் ஒழுங்கு எதுவும் இல்லை. ஆகவே அச்சிடுவதும், 'ஃபார்' சுற்றில் ஓட்டுவதும் உள்ளிருக்கும் அணியை அப்படியே காட்டும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் மட்டுமே 1, 3, 5, 8 என வரும். பார்வைக்காக ஒழுங்கு தேவையென்றால் அணியாக ஒரு நகல் எடுத்து, அதை வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: பொருள்கள் காணாமற்போகின்றன, அல்லது 'கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன்' எழுகிறது

சாதாரண வரிசையைப் பல திரெட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதற்கு இதுவே நேரடி அடையாளம். காணாமற்போவது எப்படி என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஒரு பொருளைச் சேர்க்கும் மெத்தட் முதலில் தற்போதைய அளவைப் படிக்கிறது. அந்த எண்ணுக்குரிய இடத்தில் பொருளை வைத்து, மேலே ஏற்ற வேண்டிய அளவுக்கு ஏற்றுகிறது. கடைசியில் அளவை ஒன்று கூட்டி எழுதுகிறது. வரிசையில் ஆறு பொருள்கள் இருக்கும்போது இரண்டு திரெட்டுகள் ஒரே கணத்தில் உள்ளே நுழைந்தால், இரண்டுமே 6 என்று படிக்கும். இரண்டுமே ஆறாம் எண் இடத்திலிருந்து தொடங்கும். இரண்டுமே 7 என்று எழுதிவைக்கும். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கும். எக்செப்ஷன் (நிரல் எழுப்பும் பிழை அறிவிப்பு) எழாது, பதிவேட்டில் ஒரு சொல்லும் இராது, ஒரு வாடிக்கையாளரின் செய்தி மட்டும் போய்ச் சேராது.

எக்செப்ஷன் எழுந்தால் அதை நல்வாய்ப்பு என்றே கொள்ளவேண்டும். வரிசையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொரு திரெட் அதை மாற்றியதைக் கண்டுபிடித்து எழுப்பப்படும் எச்சரிக்கை அது. ஆனால் அது கட்டாயம் எழும் என்ற உறுதி கிடையாது. எனவே அந்த எக்செப்ஷனைப் பிடித்து விழுங்கிவிட்டு மேலே செல்வது பெருந்தவறு. தீர்வு நேரடியானது: பூட்டுள்ள வரிசைக்கு மாறிவிடுங்கள். அதைச் சுற்றிப் பார்க்கும்போது அந்த நேரத்து நகல் ஒன்றின் மீதே சுற்று நடப்பதால் இந்த எக்செப்ஷன் அங்கே எழுவதில்லை.

டாட்நெட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2021-இல் டாட்நெட் 6 பதிப்புடன் வந்த முன்னுரிமை வரிசை கிளாஸும் பூட்டற்றதுதான். அதைச் சுற்றி நீங்களே பூட்டு வைக்கவேண்டும்.

அறிகுறி: பூட்டுள்ள வரிசைதான், ஆனாலும் எடுக்கும்போது வெறுமை வருகிறது அல்லது திரெட் உறைந்துபோகிறது

இந்த வழிமுறையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் இடம் இது. நிரல் பொதுவாக இப்படி இருக்கும்: வரிசை காலியா என்று ஒரு வரியில் பார்க்கிறோம், காலியில்லை என்றால் அடுத்த வரியில் ஒன்றை எடுக்கிறோம். முதல் வரி பாதுகாப்பானது. இரண்டாம் வரியும் பாதுகாப்பானது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி யாருடைய பாதுகாப்பிலும் இல்லை. அந்த இடைவெளியில் வேறொரு திரெட் கடைசிப் பொருளை எடுத்துச் சென்றுவிடலாம். பிறகு நாம் 'போல்' மெத்தட்டை அழைத்தால் 'நல்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) கிடைக்கும். 'டேக்' மெத்தட்டை அழைத்தால் அடுத்த பொருள் வரும்வரை திரெட் அங்கேயே நிற்கும்.

இதே நோயின் இன்னொரு வடிவம் இன்னும் நுட்பமானது. 'பீக்' கொண்டு முதலில் நிற்பதைப் பார்க்கிறோம், அது ஓடிபி என்று அறிந்து அதற்குரிய இணைப்பைத் தயார் செய்கிறோம், பின்பு எடுக்கிறோம். கையில் வருவது நாம் பார்த்த பொருளாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் வந்ததை முதலில் விடும் வரிசைகளில் இது அரிது. முன்னுரிமை வரிசையிலோ புதிதாக வந்த அவசரப் பொருள் எந்தக் கணத்திலும் தலைமைக்கு ஏறிவிடும் என்பதால், எடுக்கும் திரெட் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இது நேரும். சி++ மொழியின் முன்னுரிமை வரிசையில் 'டாப்' பார்ப்பதற்கும் 'பாப்' நீக்குவதற்கும் என இரண்டு தனித்தனி மெத்தட்டுகளாகப் பிரிந்திருக்கின்றன. நீக்கும் மெத்தட் எதையும் திருப்பித் தருவதில்லை. அங்கே இரண்டையும் ஒரே பூட்டுக்குள் அடக்கி நாமே ஒரு கிளாஸ் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜாவாவில் திருத்துவது எளிது. காலியா என்று கேட்பதை விட்டுவிட்டு, நேரடியாக எடுங்கள். காலவரம்புடன் கூடிய 'போல்' மெத்தட்டுக்கு இரண்டு விநாடி என்று கொடுத்து, 'நல்' வந்தால் சுற்றைத் தொடருங்கள். பார்த்துவிட்டு முடிவெடுப்பது கட்டாயம் என்றால், பார்ப்பதையும் எடுப்பதையும் போடுவதையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவரவேண்டும். இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பூட்டுள்ள வரிசைப் பொருளின் மீதே 'சிங்க்ரனைஸ்டு' என்ற ஜாவாவின் பூட்டுச்சொல்லைப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். அந்த வரிசை தன்னைக் காக்கப் பயன்படுத்துவது தனக்குள் மறைத்துவைத்திருக்கும் 'ரீஎன்ட்ரன்ட்லாக்' என்ற வேறொரு பூட்டு. நாம் வெளியே போட்ட பூட்டு அதற்குத் தெரியாது. மற்ற திரெட்டுகள் நேரடியாகப் போட்டும் எடுத்தும் கொண்டே இருக்கும். வெளிப்பூட்டு தேவைப்படும் நிலை வந்துவிட்டால், உள்ளே சாதாரண வரிசையை வைத்து, எல்லா அழைப்புகளும் நம் கிளாஸ் வழியாகவே செல்லும்படி அதைத் தனியுடைமையாக்கிவிடுவதே தெளிவானது.

அறிகுறி: முன்னுரிமை சமமாக உள்ளவை முன்பின்னாக வருகின்றன

சமமான முன்னுரிமை கொண்டவற்றுள் எது முதலில் வரும் என்பதற்கு ஹீப் எந்த உறுதியும் தருவதில்லை. ஜாவாவிலும் டாட்நெட்டிலும் இதுவே நிலை. முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஏறுமுகமான ஒரு தொடர் எண்ணைக் கொடுத்து, முன்னுரிமை சமமாகும்போது அந்த எண்ணை ஒப்பிடவேண்டும். எண்ணைத் தருவதற்கு 'அட்டாமிக்லாங்' (பல திரெட்டுகள் கேட்டாலும் மோதாமல் கூட்டித் தரும் எண்) போதும். நேரத்தை மில்லி விநாடியில் எழுதித் தொடர் எண்ணாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரே மில்லி விநாடியில் பல வந்துசேரும்.

பைத்தானில் இதே குறை வேறு முகம் காட்டும். முன்னுரிமையையும் வேலைப்பொருளையும் ஒரு டியூப்பிளாக (உறுப்புகளின் தொகுப்பாக) போட்டால், முன்னுரிமை சமமானவுடன் பைத்தான் அடுத்த உறுப்பான வேலைப்பொருள்களையே ஒப்பிட முயன்று, ஒப்பிட வழியில்லாமல் 'டைப்எரர்' எழுப்பும். சோதனையின்போது எல்லா முன்னுரிமைகளும் வெவ்வேறாக இருந்துவிட்டால் இது தெரியவே தெரியாது. நடுவில் தொடர் எண் ஒன்றை வைத்துவிட்டால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

தொடர் எண் வைத்த பிறகும் எப்போதாவது ஒன்றிரண்டு இடம் மாறி வருவதைக் காணலாம். ஒரு திரெட் 7 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு, வரிசையில் போடுவதற்குள் நிறுத்திவைக்கப்படுகிறது; மற்றொரு திரெட் 8 வாங்கி உடனே போட்டுவிடுகிறது; எடுப்பவர் 8-ஐ எடுத்துச் சென்ற பிறகுதான் 7 உள்ளே வருகிறது. எண் வாங்குவதும் போடுவதும் இரண்டு தனிச் செயல்களாக இருப்பதே காரணம். பெரும்பாலான பணிகளுக்கு இது பொருட்டன்று. கணக்கு வரவு செலவு போன்றவற்றில் பொருட்டாகும் என்றால் இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வையுங்கள்.

அறிகுறி: முன்னுரிமையை உயர்த்தினேன், ஆனாலும் அது முன்னே வரவில்லை

எங்கள் சேவையில் மிகுந்த நாள் எடுத்துக்கொண்ட பிழை இதுதான். காத்திருக்கும் செய்தியின் முன்னுரிமையை மாற்றும் வசதி ஒன்றைச் சேர்த்திருந்தோம். வரிசைக்குள் இருக்கும் பொருளின் மதிப்பை நேரே மாற்றிவிடும். பத்துக்கு ஆறு முறை சரியாகவே வேலை செய்வதுபோல் தெரிந்ததால் சந்தேகம் வேறெங்கோ போயிற்று.

காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளே 1, 3, 2, 7, 4, 6, 5 என்று அடுக்கப்பட்டிருக்கிறது. இது முறையான ஹீப். நான்காவதாக உள்ள 7-ஐ 0 என்று மாற்றுகிறோம். எல்லாவற்றிலும் அவசரமானது இப்போது அதுதான். ஆனால் நாம் மதிப்பை மாற்றியது ஹீப்புக்குத் தெரியாது. அடுத்து எடுத்தால் 1 வருகிறது. கடைசியில் இருந்த 5 உச்சிக்குச் சென்று, 2-க்கு வழிவிட்டுக் கீழே இறங்குகிறது. மீண்டும் எடுத்தால் 2. இம்முறை கடைசியில் இருந்த 6 இடப்பக்கமாக இறங்குவதால், 0 ஒரு படி மேலே ஏறுகிறது. மூன்றாம் முறை 3. அதன் பிறகே 0 உச்சிக்கு வந்து, நான்காவதாக வெளியேறுகிறது. எடுப்பவை வேறு பக்கமாக இறங்கியிருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். அதே மாற்றத்தை அணியின் கடைசி இடத்தில் இருந்த 5-க்குச் செய்திருந்தால், அடுத்த முறை எடுக்கும்போதே அது உச்சிக்குப் போய்த் தற்செயலாகச் சரியாகிவிட்டிருக்கும். பத்துக்கு ஆறு முறை சரியாக இருந்ததன் இரகசியம் அவ்வளவுதான்.

எத்தனை பூட்டுகள் போட்டாலும் இது தீராது. ஒப்பீட்டில் பங்கேற்கும் புலங்கள் அனைத்தையும் 'ஃபைனல்' ஆக்கிவிடுவதே முதல் வேலை. அதன்பின் மாற்ற முயலும் வரிகளைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். முன்னுரிமையை மாற்றவேண்டும் என்றால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடவேண்டும். நீக்கும் மெத்தட் பொருளைத் தேடுவது 'ஈக்வல்ஸ்' கொண்டுதான், ஒப்பீட்டைக் கொண்டு அன்று. மேலும் அது முழு அணியையும் தேடுவதால், இலட்சம் பொருள்கள் உள்ள வரிசையில் நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் பூட்டு மற்றவர்களைத் தடுத்துநிறுத்தும். பெரிய வரிசைகளில் நான் விரும்புவது வேறு: பழைய பொருளில் செல்லாதது என்று ஒரு கொடி இட்டுவிட்டுப் புதியதைப் போட்டுவிடுவது. எடுப்பவர் கொடியிட்டதைக் கண்டால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரே செய்தி இருமுறை போகாமலிருக்க, அந்தக் கொடியை 'அட்டாமிக்பூலியன்' ஆக்கி, கைப்பற்றுவதும் செல்லாததாக்குவதும் ஒரே புலத்தில் போட்டியிடும்படி செய்யவேண்டும்; யார் முதலில் மாற்றுகிறாரோ அவருக்கே உரிமை.

இதன் மாறுவேடம் ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். நெடுநேரம் காத்திருப்பவற்றுக்கு முன்னுரிமை தானாக உயரவேண்டும் என்று, ஒப்பீட்டுக்குள்ளேயே தற்போதைய நேரத்தைப் படித்துக் கணக்கிடும் கம்பேரட்டர்களை (ஒப்பீட்டுக்கென நாம் எழுதும் நிரல்துண்டுகளை) பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நேரம் வேறாக இருப்பதால் நேற்றைய விடையும் இன்றைய விடையும் முரண்படக்கூடும். எல்லாப் பொருள்களுக்கும் ஒரே வேகத்தில்தான் முன்னுரிமை உயர்கிறது என்றால் நேரத்தைப் படிக்கவே தேவையில்லை. வந்த நேரத்துடன் வகைக்குரிய நிலையான தாமதத்தைக் கூட்டி, அதையே மாறாத திறவுகோலாக வைத்துவிடலாம்: ஓடிபிக்குச் சுழியம், விளம்பரத்துக்குப் பத்து நிமிடம். ஒரு விளம்பரம் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டால், அதன்பின் வரும் ஓடிபிக்கு முன்னால் அது நிற்கும். ஓடிபி பெருகும் நேரத்தில் விளம்பரங்கள் என்றுமே போகாமல் தேங்கிப்போகும் பட்டினிநிலையும் இதனாலேயே நீங்கும்.

அறிகுறி: மாதக்கணக்காகச் சரியாக ஓடியது, திடீரென்று தலைகீழாயிற்று

கம்பேரட்டரில் ஒரு எண்ணிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடையைத் திருப்பித் தருகிறீர்களா என்று பாருங்கள். ஜாவாவின் 'இன்ட்' வகையில் -2147483648 என்பதிலிருந்து 1-ஐக் கழித்தால் எல்லை மீறிச் சுற்றிக்கொண்டு 2147483647 வரும். சிறியதைப் பெரியது என்று சொல்லிவிடும். 'இன்டிஜர்' கிளாஸின் 'கம்பேர்' மெத்தட்டைப் பயன்படுத்துங்கள். வேறெதுவும் செய்யத் தேவையில்லை.

அறிகுறி: சுமை ஏறும்போது மட்டும் 'கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்'

வேலைகளைத் திரெட் கூட்டத்துக்குப் பங்கிட்டுத் தரும் 'திரெட்பூல்எக்சிகியூட்டர்' அமைப்பதற்குப் பூட்டுள்ள வரிசையைக் கொடுத்து, வேலைகளைச் 'சப்மிட்' கொண்டு அனுப்புபவர்கள் ஏறத்தாழ அனைவரும் இதைச் சந்திக்கிறார்கள். நம் வேலை கிளாஸ் 'கம்பேரபிள்' ஆகத்தான், அதாவது ஒப்பிடத்தக்கதாகத்தான், இருக்கிறது. ஆயினும் ஒப்பிட முடியவில்லை என்று எக்செப்ஷன் எழுகிறது. 'சப்மிட்' நம் வேலையை 'ஃபியூச்சர்டாஸ்க்' என்ற உறைக்குள் போட்டு அனுப்புகிறது. அந்த உறைக்கு ஒப்பிடத் தெரியாது.

சுமை ஏறும்போது மட்டும் ஏன்? எக்சிகியூட்டர் முதலில் வரும் வேலைகளை வரிசையில் போடுவதே இல்லை. அடிப்படைத் திரெட் எண்ணிக்கை நிரம்பும்வரை ஒவ்வொரு வேலைக்கும் புதிய திரெட்டைத் தொடங்கி நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. எட்டுத் திரெட்டுகள் என்று அமைத்திருந்தால் முதல் எட்டு வேலைகளும் வரிசையைத் தொடாமல் ஓடிவிடும். ஒன்பதாவது வேலைதான் வரிசையின் வாசலில் மாட்டிக்கொள்ளும். யூனிட் சோதனையில் மூன்று வேலைகளை மட்டும் அனுப்பிப் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? விடை தேவையில்லாத வேலைகளை 'எக்சிகியூட்' கொண்டு அனுப்புங்கள். விடை தேவையென்றால் 'நியூடாஸ்க்ஃபார்' மெத்தட்டை மேலெழுதி, முன்னுரிமையைச் சுமந்து ஒப்பிடத் தெரிந்த உறையை நீங்களே திருப்பித் தாருங்கள்.

அறிகுறி: நினைவகம் நிரம்புகிறது, அதிகபட்சத் திரெட் எண்ணிக்கையை உயர்த்தியும் பயனில்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பூட்டுள்ள வரிசைக்கு மேல்வரம்பு கிடையாது. பெயரில் 'பிளாக்கிங்' என்று இருப்பதால் நிரம்பியதும் போடுபவரை நிறுத்திவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எடுப்பவரை மட்டுமே அது நிறுத்திவைக்கும். 'புட்' ஒருபோதும் நிற்காது, போடும் மெத்தட்டுக்குக் காலவரம்பு கொடுத்தாலும் அது பொருட்படுத்தப்படுவதில்லை. வரிசை நிரம்பினால்தான் எக்சிகியூட்டர் அடிப்படை எண்ணிக்கைக்கு மேல் திரெட்டுகளைச் சேர்க்கும். வரம்பற்ற வரிசை நிரம்புவதே இல்லை, ஆகவே அதிகபட்ச எண்ணிக்கை வெறும் அலங்காரமாக நிற்கிறது. அடிப்படை எண்ணிக்கையையே உயர்த்துங்கள். நீங்களே வரிசையில் போட்டு எடுப்பதாக இருந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அனுமதி தரும் 'செமஃபோர்' ஒன்றை வைத்து, போடுமுன் ஓர் அனுமதி பெற்று, எடுத்தபின் திருப்பித் தரச் செய்யலாம். ஆனால் விளம்பரங்கள் எல்லா அனுமதிகளையும் பிடித்துக்கொண்டால் ஓடிபி வாசலிலேயே நிற்கும் என்பதால், வகைக்கொரு செமஃபோர் வைப்பது நல்லது.

அறிகுறி: வரிசை ஒழுங்காக இருந்தும் அவசர வேலை காத்திருக்கிறது

முன்னுரிமை வரிசை காத்திருப்பவர்களை மட்டுமே ஒழுங்குபடுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது நிறுத்தாது. எட்டுத் திரெட்டுகளும் நீண்ட விளம்பரத் தொகுப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தால், முதலிடத்தில் நிற்கும் ஓடிபிக்கு ஆள் இல்லை. அவசர வேலைகளுக்கென்று இரண்டு திரெட்டுகளை ஒதுக்கிவைப்பதும், நீண்ட வேலைகளைச் சிறு துண்டுகளாக்குவதும் இதற்கு மருந்து.

அவசர வேலை ஓடத் தொடங்கிய பிறகும் நின்றால் அது வேறு நோய். இயங்குதளத் திரெட்டுகளுக்கே முன்னுரிமை உள்ள அமைப்புகளில், தாழ்ந்த முன்னுரிமைத் திரெட் ஒரு பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்தது அதற்காகக் காத்திருக்க, நடுவில் உள்ளவை தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்வதால் உயர்ந்ததும் நின்றுவிடுகிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் இதனாலேயே மீண்டும் மீண்டும் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. கலத்தின் பகுதிகளிடையே தரவு செல்லும் பாட்டையை மேலாளும் உயர்ந்த பணி அதற்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் ஓடிக்கொண்டிருந்தன. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாததால் கணினி மறுதொடக்கமாயிற்று. கலத்தில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில், பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன்தரும் வசதி முன்பே இருந்தது. அந்தப் பூட்டுக்கு அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள்.

அறிகுறி: வரிசையில் பொருள் இருக்கிறது, எடுக்கும் திரெட்டுகள் எல்லாம் உறங்குகின்றன

திரெட்டைக் காத்திருக்கச் செய்யும் 'வெயிட்', அதை எழுப்பும் 'நோட்டிஃபை' கொண்டு வரிசையை நீங்களே எழுதியிருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். 'ஜேஸ்டாக்' கருவியால் சில விநாடி இடைவெளியில் மூன்று முறை திரெட் நிலையை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் எடுக்கும் திரெட்டுகள் 'வெயிட்' வரியிலேயே நின்றால் எழுப்பும் குரல் அவற்றை அடையவில்லை. போடுபவரும் எடுப்பவரும் ஒரே பொருளின் மீது காத்திருக்கும்போது 'நோட்டிஃபை' தவறான ஒருவரை எழுப்பிவிட்டு ஓய்ந்துவிடக்கூடும். 'நோட்டிஃபைஆல்' என்று மாற்றுங்கள். காத்திருக்கும் நிபந்தனையை 'இஃப்' கொண்டு சோதித்திருந்தால் 'வைல்' என்று மாற்றுங்கள். எழுப்பப்பட்ட திரெட் பூட்டைப் பெறுவதற்குள் வேறொன்று புகுந்து பொருளை எடுத்துச் செல்லலாம். காரணமின்றியே திரெட் விழித்துக்கொள்வதும் உண்டு.

அறிகுறி: சேவையை நிறுத்தும்போது மீதமிருந்த வேலைகள் தொலைகின்றன

நிறுத்துவதற்கென ஒரு சிறப்புப் பொருளை வரிசையில் போட்டு, அதை எடுக்கும் திரெட் வேலையை முடித்துக்கொள்வது பழகிய உத்தி. முதலில் வந்ததை முதலில் விடும் வரிசையில் அது கடைசியாகவே வரும். முன்னுரிமை வரிசையில் அதன் முன்னுரிமை 0 என்று விடப்பட்டிருந்தால், காத்திருக்கும் அனைத்தையும் தாண்டி முதலில் வெளிவந்து, எல்லாவற்றையும் அநாதையாக்கிவிடும். அதற்கு மிகத் தாழ்ந்த முன்னுரிமையைக் கொடுங்கள். எத்தனை திரெட்டுகளோ அத்தனை சிறப்புப் பொருள்களைப் போடுங்கள்.

திருத்தியது சரிதானா என்று பார்க்கும் முறை

நான்கு திரெட்டுகள் ஆளுக்கு ஓர் இலட்சம் பொருள்களைப் போட, நான்கு திரெட்டுகள் எடுக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் இருக்கவேண்டும். முடிவில் நான்கு இலட்சம் எண்களும் தலா ஒரு முறை வந்திருக்கவேண்டும், ஒன்றும் குறையவோ இரட்டிக்கவோ கூடாது. இந்த ஓட்டத்தில் ஒழுங்கைச் சோதிக்காதீர்கள்: ஒரு திரெட் முதல் பொருளை எடுத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுவதற்குள் மற்றொன்று இரண்டாவதை எடுத்து எழுதிவிடலாம், வரிசை முற்றிலும் சரியாக இருந்தாலும் பதிவேடு கலைந்தே தெரியும். ஒழுங்குக்குத் தனி ஓட்டம் வையுங்கள். நால்வரும் போட்டு முடிக்கும்வரை எடுப்பவர் காத்திருந்து, பிறகு ஒரே திரெட் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக இல்லை என்று சரிபார்க்கட்டும். முன்னுரிமைகளை நான்கைந்து மதிப்புகளுக்குள் அடக்குங்கள், அப்போதுதான் சமமானவை மோதும். ஒன்றிரண்டு மிகப் பெரிய எதிர்மறை எண்களையும் இடையில் தூவிவிடுங்கள்.